அந்த மலை மொட்டை இல்லை

வாசகர் கேள்வி, 10 ஜனவரி 2025

"ஊட்டிக்காரர்களே ஃபேன் வாங்கும் காலம் வந்துவிட்டது. நாங்கள் மேட்டுப்பாளையத்தில் பதினைந்து பேர் சேர்ந்த குழு. நாற்றங்காலில் நாலாயிரம் கன்று தயார். அவலாஞ்சி, மேல்பவானி வழியில் மலை மலையாக மொட்டையாகக் கிடக்கிறது. அங்கே நடலாம் என்றால் வனத்துறை விடமாட்டார்களாம். பாதுகாக்கப்பட்ட காடு என்று பெயர், மரம் மட்டும் வேண்டாமா? பூமி சூடாவதற்கு மரம்தானே மருந்து?"

11 ஜனவரி 2025, இரவு

விடமாட்டார்கள். விடவும் கூடாது.

நெல்வயலைப் பார்த்து ஏன் இங்கே தென்னை இல்லை என்று கேட்பீர்களா? நீங்கள் பார்த்தது புல்வெளி. மடிப்புகளில் சோலை என்கிற குட்டை மரக்காடு, முதுகெல்லாம் புல், காலடியில் சதுப்பு. மேல்நீலகிரி அப்படித்தான் இருக்கும். மூன்றும் சேர்ந்ததுதான் அங்கே காடு. மழையையும் மூடுபனியையும் புல்லும் அதன் அடிமண்ணும் குடித்து, சதுப்பில் ஊறவிட்டு, மார்ச் ஏப்ரலில் ஓடையாகக் கசியவிடும். மேட்டுப்பாளையத்தில் உங்கள் வீட்டுக் குழாயில் வரும் பவானி எங்கிருந்து புறப்படுகிறது என்று நினைத்தீர்கள்? அந்த மொட்டையிலிருந்துதான்.

நான் கோத்தகிரிக்காரன். பதினெட்டு வருடம் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஜீப் ஓட்டி, மூட்டை தூக்கி, செடி எண்ணிக் கொடுத்தவன். படிப்பு பத்தாவது. லத்தீன் பெயர் கேட்டு மடக்கப் பார்க்காதீர்கள்.

அதே இரவு, 11.40

சூடாகச் சொல்லிவிட்டேன். கணக்கையும் சொல்கிறேன்.

பைக்காரா பக்கம் கிளென்மார்கனில் ஊட்டி மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை அப்படியே புல்லும் சோலையுமாக விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேல் 1970களில் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நட்டார்கள். இரண்டின் ஓடையிலும் தண்ணீரை அளந்துகொண்டே வந்தார்கள். முதல் சுற்று மரம் வளர்ந்து முடிவதற்குள் நட்ட பக்கத்தில் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிக்கட்டை துளிர்த்து வந்த இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. கோடை நீண்டுகொண்டே போகும் காலத்தில் ஓடையில் கால் பங்கு என்றால் என்ன என்று கேரட் போடுகிறவரைக் கேளுங்கள்.

14 ஜனவரி, பொங்கல்

கூடலூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "அதெல்லாம் முன்பு காடாகத்தான் இருந்தது. தோடர்கள் எருமைக்காகத் தீ வைத்துத் தீ வைத்துப் புல்லாக்கிவிட்டார்கள். நாம் திருப்பிக் காடாக்கினால் என்ன?"

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சொல்லிவரும் கதை. அதை நம்பித்தான் நூறு வருடத்துக்கு மேல் புல்லில் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூரமும் பைனும் நட்டார்கள். 1993இல் விஞ்ஞானி ஆர். சுகுமாரும் கூட்டாளிகளும் நீலகிரிச் சதுப்பின் கருஞ்சேற்றை அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்து எழுதினார்கள். வெயிற்காலப் புல் மக்கினால் ஒருவிதக் கரி (கார்பன்), மரம் மக்கினால் வேறுவிதக் கரி. 20,000 வருடச் சேற்றில் இரண்டும் மாறி மாறி இருந்தன. குளிரும் வறட்சியுமான காலத்தில் புல் கை ஓங்கியிருந்தது. பருவமழை வலுத்தபோது மற்றது ஏறிற்று. பிறகு மறுபடி புல். தோடர் எருமை வருவதற்கு எத்தனையோ ஆயிரம் வருடம் முன்பே அங்கே புல் இருந்தது.

சேறு எடுக்கும் வேலை பற்றி ஒரு வார்த்தை. நான் போனது வேறொரு ஆளுக்காக, வேறொரு சதுப்பில். முழங்கால் வரை இறங்கிக் குழாயைத் திருகி இழுத்தால் கோகோ போலக் கருப்பாக வருகிறது. வாசனை பழைய கிணற்று வாசனை. அதில் ஒரு சாண் என்பது எத்தனை தலைமுறை என்று அந்த ஆள் சொன்னதும் செருப்பைக் கழற்றிவைக்கலாமா என்று இருந்தது. செருப்பு ஏற்கெனவே சேற்றுக்குள் போயிருந்தது.

பொங்கல் வாழ்த்து சொல்ல மறந்தேன். சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

19 ஜனவரி

இன்று விடிகாலை எமரால்டு தாண்டி மேலே போக வேண்டியிருந்தது. உறைபனி. புல் நுனி ஒவ்வொன்றும் உப்பில் தோய்த்தெடுத்த மாதிரி. ஜீப் கண்ணாடியை ஏடிஎம் கார்டால் சுரண்டினேன். பள்ளத்தில் வெள்ளை, முப்பதடி மேலே சோலை ஓரத்தில் ஒன்றுமில்லை. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். சோலைக்குள் மரக்கூரை தரையின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சோலை மரத்தின் விதை பறவை வயிற்றில் புல்வெளிக்கும் போகத்தான் செய்கிறது, முளைக்கவும் செய்கிறது. ஜனவரியில் ஒரு இரவு போதும். காலை பத்து மணிக்கு வெயில் பட்டதும் இலை வேகவைத்த கீரை மாதிரி கருத்துத் தொங்கும். அத்தோடு சரி. புல்லுக்கும் சோலைக்கும் நடுவே வரப்பு போட்டு வைத்திருப்பது பெரும்பாலும் இந்த உறைபனிதான் என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. தனியாகப் புல்லுக்குள் நின்று சமாளிக்கிற உள்ளூர் மரம் என்றால் காட்டுப்பூவரசைச் சொல்லலாம், சிவப்பாகப் பூக்குமே, ரோடோடென்ட்ரான்.

சீகை ஆஸ்திரேலியாக்காரன். உறைபனியைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிடும்.

20 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்தபோது எனக்கே ஒரு கேள்வி வந்து தூக்கம் போயிற்று. வரப்பு போடுவது உறைபனி என்றால், இரவுக் குளிர் குறையக் குறைய வரப்பு தானாக அழியும். சீகையே இல்லாவிட்டாலும் சோலை மெல்லப் புல்லுக்குள் நடந்து வரும். அப்போது நாம் என்ன செய்வது? சோலைக் கன்றையும் பிடுங்குவதா? முக்கூர்த்தி தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர். அதில் எந்த வருடத்து மலையை நாம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்? ஆங்கிலேயன் வந்து படம் வரைந்த வருடத்தையா, பூங்கா அறிவித்த 1990ஐயா, நான் முதன்முதலில் ஜீப் ஓட்டிப் போன வருடத்தையா?

பதில் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

2 பிப்ரவரி

"அப்படியானால் சீகையை எல்லாம் வெட்டித் தள்ளுங்கள், வெட்டினால் முடிந்தது" என்று இரண்டு பேர். வெட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு சரிவில் சீகை வெட்டினார்கள். யார் எடுத்த வேலை என்பதை விட்டுவிடுங்கள். நானும் கூலிக்குப் போனேன். நல்ல கூலி. மரத்தை வெட்டி, கட்டையை அப்படியே சரிவில் இழுத்துக்கொண்டு இறக்கினார்கள். இழுத்த தடத்தில் மண் கிழிந்து சிவப்பாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் மலை சுத்தம். படம் எடுத்தார்கள், நானும் நின்றேன், இன்னும் வீட்டில் இருக்கிறது. ஜூன் மழை முடிந்து போய்ப் பார்த்தேன். கீரைப் பாத்தி. கையகல இடத்தில் பதினேழு எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. சீகை விதை கல் மாதிரி. மண்ணுக்குள் ஐம்பது வருடம்கூடச் சும்மா கிடக்கும். மேலே நிழல் போய் மண் கிளறப்பட்டதும், அல்லது தீ பட்டதும், எல்லாம் ஒன்றாக எழுந்து நிற்கும். ஒரு காடு வெட்டினோம், பத்துக் காடு விதைத்தோம்.

வெட்டுவதற்கு ஒரு வருடப் பணம் போதும். அதற்குப் பிறகு பத்து வருடம் வருடா வருடம் போய் முளையைப் பிடுங்கப் பணம் வேண்டும். முதல் பணத்துக்கு ரிப்பன் வெட்ட ஆள் வரும். இரண்டாவதற்கு யார் வருவார்?

பிடுங்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். மழை பெய்த மறுநாள் போங்கள். வேர்க்கழுத்தைப் பிடித்து அரைத் திருகு திருகி நேராக இழுக்க வேண்டும். முழங்கை நீளம் வரை இருந்தால் முழுசாக வரும், வேரில் கடுகு மாதிரி முடிச்சுகள் இருக்கும், பச்சைப் பட்டாணி வாடை அடிக்கும். பாதியில் ஒடிந்தால் அது மறுபடி துளிர்க்கும். பக்கவாட்டில் இழுக்கிறவர்கள்தான் ஒடிப்பார்கள். முதல் நாள் நானும் ஒடித்தேன்.

3 பிப்ரவரி

நேற்றையதற்கு ஒரு திருத்தம். எல்லாச் சீகையையும் வெட்ட வேண்டாம் என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

பழைய சீகைத் தோப்புக்குள், நாற்பது ஐம்பது வருட மரங்களுக்கடியில், குனிந்து பாருங்கள். அருகில் சோலை இருந்தால் சோலைக் கன்றுகள் நிறைய வந்திருக்கும். நிழல் இருக்கிறது, உறைபனி இல்லை, பறவை விதை போடுகிறது. அங்கே சீகை செவிலித்தாய் வேலை பார்க்கிறது. அதை ஒரேயடியாக வெட்டினால் கன்றும் சாகும், விதையும் எழும்பும். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் சோலையை மீட்க உழைத்தவர்கள் இதைப் பல வருடம் முன்பே பார்த்துச் சொன்னார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

புல்லுக்குள் இப்போதுதான் நுழைகிற இளம் சீகை, அதுதான் முதல் எதிரி. ஓரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். நடுத்தர வயதுத் தோப்பை மெல்ல மெல்லச் சன்னமாக்கலாம். கிழத்தோப்பை விட்டுவிட்டுச் சோலை அதைத் தின்னட்டும் என்று காத்திருக்கலாம். மூன்றுக்கும் ஒரே ஒப்பந்தம் போட்டால் மூன்றும் கெடும்.

3 பிப்ரவரி, பின்னிரவு

பழனி மலை பேச்சு வந்ததால்: 1973க்கும் 2014க்கும் இடையே செயற்கைக்கோள் படம் வைத்துப் பழனி மலையை அளந்தார்கள். புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, 262 சதுர கிலோமீட்டர், இல்லை. அந்நிய மரத்தோப்பு 12 மடங்கு. சோலையும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது 2013. பலகை நட்டபோது புல் போய் ரொம்ப நாளாகிவிட்டிருந்தது. நான் அங்கே போனது ஒரே முறை, அதுவும் மன்னவனூர்ப் பக்கம், ஆட்டுப்பண்ணை பார்க்கப் போனவர்களோடு. மிச்சமிருக்கும் புல்லைப் பார்த்தால் எங்கள் ஊருக்கு வந்தது போல இருந்தது. பூண்டு வாசனை மட்டும் கூடுதல்.

9 மார்ச்

தீ.

போன வருடம் இதே மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையில் பை முக்கித் தண்ணீர் எடுத்துப் போய் ஊற்றியது ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே புகை தெரிந்தது. அதைப் பார்த்த யாரும் "தீ நல்லது" என்று சொல்லத் துணிய மாட்டார்கள். நான் பாதி சொல்லப் போகிறேன்.

தோடர் பெரியவர் ஒருவர் சொன்னது: அந்தக் காலத்தில் பனி விட்டதும் துண்டு துண்டாகப் புல்லைக் கொளுத்துவார்கள், காலையில் ஈரம் இருக்கும்போது. முழங்கால் உயரத் தீ. சோலை ஓரம் வரை போய்த் தானாக அவிந்துவிடும். நாலு வாரத்தில் இளம்புல். எருமைக்கும் அது, வரையாட்டுக்கும் அது. பிறகு சட்டம் வந்து நிறுத்திவிட்டது. கொளுத்தாத புல் வருடா வருடம் காய்ந்து மடிந்து மெத்தையாகிறது. ஒரு நாள் பிடித்தால் முழங்கால் தீயாக இருக்காது.

அப்படியானால் கொளுத்தலாமா என்றால், இங்கேதான் என் பிப்ரவரிக் குறிப்பு வந்து காலை வாருகிறது. சீகை விதை கிடக்கும் மண்ணில் தீ வைப்பது விதைப்புக்கு நாள் குறிப்பது மாதிரி. ஸ்காட்ச் புரூம் மஞ்சள் பூச்செடியும் அப்படியே. அந்தப் பெரியவரின் தாத்தா கொளுத்திய புல்லில் இந்த விதைகள் இல்லை. தீ பழைய தீதான், மண் பழைய மண் இல்லை.

விதை இல்லாத சுத்தமான புல்வெளிகள் இன்னும் உண்டு. அங்கே சிறு துண்டில், தோடரையே கூட்டி வைத்து, பக்கத்தில் கொளுத்தாத துண்டையும் வைத்துக்கொண்டு, வருடா வருடம் எழுதி வைத்துப் பார்க்கலாம் என்பது என் கட்சி. எனக்குத் தெரிந்த ஒரு வனக்காவலர் இதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நெருப்பு பிடிச்சா கேள்வி எங்கிட்ட வரும், புல் கெட்டா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நிர்வாகம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

6 ஏப்ரல்

இ-பாஸ் கட்டுப்பாடு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இந்த மாதத்திலிருந்து நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. உயர்நீதிமன்ற உத்தரவு. கடைக்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள், என் மச்சானும் கடைக்காரர், இந்த இழையை அவர் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்: 8,000மே அதிகம். ஆனால் புல்வெளிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஊட்டிக்கு வருகிறவர்கள் புல்லைப் பார்ப்பதே இல்லை, பைனுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு "நேச்சர்" என்கிறார்கள். பைனுக்கடியில் ஒரு வண்டுகூடக் கண்ணில் படாது.

26 மே

மழை. கேரளாவில் 24ஆம் தேதியே பருவமழை இறங்கிவிட்டது. இங்கே மூன்று நாளாகக் கரண்ட் வந்து வந்து போகிறது. போன் சார்ஜ் இருக்கும்வரை எழுதுகிறேன்.

ஜனவரியில் புல்வெளி மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்று பெருமையாக எழுதினேன். வாசகர் ஒருவர் சரியாகப் பிடித்தார்: "2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் குடித்ததா?"

இல்லை. அன்று ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல். சென்னைக்கு ஒரு வருடத்தில் பெய்வதில் பாதிக்கு மேல் ஒரு நாளில். வெள்ளம் வடிந்து பாதை திறந்த பிறகு சாமான் எடுத்துக்கொண்டு மேலே போனேன். தேயிலைச் சரிவு, ரோட்டோரம், வெட்டிய மேடு எல்லாம் சரிந்திருந்தது எதிர்பார்த்ததுதான். நல்ல புல்சரிவிலும் மேலிருந்து கீழே புலி நகம் போட்ட மாதிரி நீளக் கோடுகள் கிழிந்திருந்தன. சோலை ஓரத்தில் பெருமரங்கள் வேரோடு கிடந்தன. அதைப் பார்த்ததிலிருந்து "இயற்கையாக விட்டால் எதையும் தாங்கும்" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். ஜனவரியில் வாய் தவறிவிட்டது.

என்றாலும் இன்னொன்றும் பார்த்தேன். 2009 நவம்பரில் கேத்தி, அச்சனக்கல் பக்கம் மண் சரிந்து மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போனார்களே, அங்கே சரிந்ததற்கு மேலே வீடு இருந்தது, கீழே வீடு இருந்தது, நடுவே ஓடை அடைபட்டிருந்தது. அவலாஞ்சிப் புல்லில் கிழிந்த மண் போய் விழுந்தது சதுப்பில். மனிதர் யாரும் அதன் வழியில் இல்லை. அடுத்த வருடமே அந்தக் கிழிசலில் புல் ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கியிருந்தது. சில இடத்தில் புல்லுக்கு முன்னால் சீகை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக, பெருமழைக்குப் பிறகு ஆள் அனுப்பிப் புதுச் சரிவுகளை மட்டும் சுற்றி முளையைப் பிடுங்கினாலே பெரிய வேலை. இதற்குத் தனித் திட்டமெல்லாம் வேண்டாம், நாலு பேரும் ஒரு ஜீப்பும் போதும். ஜீப் நான் ஓட்டுகிறேன்.

சார்ஜ் 6 சதவீதம்.

15 ஜூன்

கொஞ்சம் வீட்டுக் கதை.

என் அப்பா இலங்கையிலிருந்து வந்தவர். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்ததே, டேன்டீ, அதில் வேலை. காட்டை வெட்டித்தான் அந்தத் தேயிலை வந்தது. அந்த லயன் வீட்டில் பிறந்துதான் இன்று நான் காட்டைப் பற்றி உங்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். 2022இல் அந்தத் தேயிலையில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்புவதாக அரசு சொன்னது. அம்மாவிடம் சொன்னேன். "காட்டுக்காரன் காட்டை வாங்கிக்கிட்டான், நம்ம எங்க போறது?" என்றாள். அவள் ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது, அவள் எங்கும் போக வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சூடு ஏற ஏற உயிர்கள் மேலே ஏறும். முதுமலை ஆயிரம் மீட்டர் உயரம், முக்கூர்த்திச் சிகரம் 2,554. இரண்டும் 1986இல் அறிவித்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள்தான், 5,520 சதுர கிலோமீட்டர், நாட்டிலேயே முதலாவது. காகிதத்தில் ஒரே பச்சை. நடந்து பார்த்தால் நடுவில் தேயிலை, டவுன், ரிசார்ட், கற்பூரத் தோப்பு. கீழே இருக்கிற மரமோ தவளையோ படியேறிப் போக வேண்டுமானால் இந்த நடுப்படிகள் வேண்டும். சீகூர் யானை வழித்தடத்துக்காக 2020இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது எல்லாரும் யானையை மட்டும் பேசினார்கள். யானைக்குத் திறந்த வழியில் இலையும் விதையும் போகும். திருப்பித் தரும் தேயிலை நிலம் நடுப்படியில் இருக்குமானால், அங்கே, அங்கே மட்டும், உங்கள் நாலாயிரம் கன்றுக்கு வேலை உண்டு. சோலைக் கன்றாக இருந்தால். நீங்கள் என்ன கன்று வைத்திருக்கிறீர்கள் என்று இதுவரை சொல்லவே இல்லை.

உச்சியில் இருக்கிறவற்றுக்குப் படியே கிடையாது. அதற்குமேல் வானம்.

17 ஜூன்

வேம்பு, புங்கன், பூவரசு என்று பதில் வந்திருக்கிறது. 2,400 மீட்டரில் வேம்பு!

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். மேட்டுப்பாளையத்திலேயே நடுங்கள். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஏப்ரல் மதியம் நின்றிருக்கிறேன். அங்கே வேம்பு உண்மையிலேயே மருந்து.

7 அக்டோபர்

வரையாடு தினம் இன்று. 1975இல் வரையாட்டைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்றைச் செய்த டேவிதாரின் நினைவாக.

இந்த வருடக் கணக்கு தமிழ்நாட்டில் 1,303. போன வருடம் 1,031. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், ஆனால் இரண்டு நாள் எண்ணப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வருடத்தில் ஆடு அவ்வளவு குட்டி போடாது. கண்கள் கூடினால் எண்ணிக்கையும் கூடும். போன முறை மூடுபனிக்குள் நின்ற மந்தை இந்த முறை வெயிலில் நின்றிருக்கும். அதனால் தப்பில்லை. இனி வருடா வருடம் அதே இடத்தில் அதே முறையில் எண்ணினால் ஏழெட்டு வருடத்தில் உண்மை தெரியும்.

எண்ணும்போது பார்த்த ஒன்று. பாறை விளிம்பில் ஒரு மந்தை மேய்ந்துகொண்டு வந்தது. முன்னால் பெரிய பெண் ஆடு. புல்லுக்குள் ஆளுயரச் சீகை நாலைந்து நின்றிருந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. மூக்கைத் தூக்கிப் பார்த்தது. பின்னால் வந்தவை எல்லாம் நின்றன. பிறகு மொத்த மந்தையும் வந்த வழியே திரும்பிற்று. நாலு மரம். மறைவில் சிறுத்தை இருக்கலாம் என்று பயம், வேறென்ன. அதற்குப் பின்னால் முந்நூறு அடி நல்ல புல் மேய ஆளில்லாமல் கிடந்தது. படத்தில் அந்த இடம் புல்வெளி என்றுதான் பச்சை போட்டிருக்கும்.

ஜனவரி 20இல் கேட்ட கேள்விக்கு, எந்த வருடத்து மலை என்ற கேள்விக்கு, இப்போதைக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: வருடத்தை விட்டுவிடலாம். ஓடையில் மார்ச்சில் தண்ணீர் வருகிறதா, ஆடு திரும்பாமல் போகிறதா, இரண்டையும் பார்ப்போம். சோலை தானாகப் பத்தடி நகர்ந்தால் நகரட்டும், பறவை கொண்டுவந்த கன்றை நான் பிடுங்கப்போவதில்லை. சீகையைப் பிடுங்குவேன். இது விஞ்ஞானம் இல்லை, என் கட்சி.

கோத்தகிரி அக்கா ஒருவர் இதைப் படித்துவிட்டு "சோலை மொத்தப் புல்லையும் தின்றுவிட்டால் ஆடு எங்கே போகும்?" என்று இப்போதே கேட்டாயிற்று. போங்கள் அக்கா.

23 நவம்பர்

மேட்டுப்பாளையத்துக் குழு வந்தது. பதினைந்தில் ஒன்பது பேர். கன்று கொண்டுவரவில்லை. ஒரு தோடர் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு, அதை ஒட்டிய நிலத்தில், மந்துக்காரர்கள் கூப்பிட்டதால் போனோம். அங்கே சதுப்பில் அவர்கள் கோயில் கூரைக்கு அறுக்கும் புல் வளர்ந்துகொண்டிருந்தது, சீகையும் மஞ்சள் பூச்செடியும் சுற்றி வளைத்துவிட்டன. அந்தப் புல் இப்போது தேடித்தான் கிடைக்கிறது என்றார் மந்துப் பெரியவர்.

கேள்வி கேட்ட தம்பி ஐடி வேலை. முதல் அரை மணி நேரம் எல்லாவற்றையும் ஒடித்தார். பிறகு வேர் முழுசாக ஒன்று வந்தது. அதைக் கீழே போடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மதியம் வரை முந்நூற்றுச் சொச்சம் எண்ணினார், எக்செல்லில் போடுவாராம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் ஒரு கல்லில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மந்துப் பெரியவர் மோர் கொடுத்தார். திரும்பும்போது ஒருவர் காலில் மூன்று அட்டை. அலறினார், வீடியோவும் எடுத்தார்.

அதே இடத்துக்கு மறுபடி போக வேண்டும். வருகிற ஜூன் மழை விட்டதும், அதற்கடுத்த வருடமும். தேதி பிறகு சொல்கிறேன். முழங்கால் வரை காலுறையும் ஒரு பொட்டலம் உப்பும் கொண்டுவாருங்கள். போன முறை என் உப்பை எல்லாரும் காலி பண்ணிவிட்டார்கள்.